இரண்டே சுற்று

மறுபடியும் இரண்டே சுற்று. நின்றுவிட்டது.

அவன் ஸ்பேனரைக் கீழே போட்டான். மரக்கட்டை முட்டுக்கொடுத்து நிறுத்திய வண்டியில் முன்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கையால் தட்டிவிட்டால் ஏழெட்டுச் சுற்றாவது ஓட வேண்டும். இதுவானால் சர்ரென்று உரசி இரண்டாவது சுற்றிலேயே நிற்கிறது.

காலையிலிருந்து ஐந்து தடவை கழற்றி மாட்டியாகிவிட்டது.

அக்கா வீட்டு வாசல். மச்சானுடைய வண்டி. காட்டுப்பாதை, தார்ச்சாலை இரண்டிலும் போகிற உயரமான பைக். அதற்கு அவர் இரண்டு முன்சக்கரம் வைத்திருந்தார். மண்ணுக்குப் பெரியது, ரோட்டுக்குச் சின்னது. வண்டியைப் பிள்ளைபோல் வளர்க்கிறவர்.

சின்னது இப்போது கோணிக்கொண்டு சுவரோரம் கிடக்கிறது.

ஒன்பது நாளுக்கு முன்னால், போடிமெட்டு மலையிலிருந்து இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் விழுந்தார்கள். மச்சானுக்குத் தொடை எலும்பு. பின்னால் உட்கார்ந்திருந்த மகள் ஓவியாவுக்குத் தாடையில் பதினொரு தையல். எட்டு வயதுதான்.

"நான்தான் பிரேக்கை அழுத்திப் பிடிச்சிட்டேன் போல."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மச்சான் இதையே சொன்னார். அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து புருஷனோடு பேச்சில்லை. சாப்பாடு கொண்டுபோய் வைத்துவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுகிறாள்.

நாளைக்கு அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர் வருவதற்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்விட வேண்டும் என்று அக்கா பெட்டி கட்டிவிட்டாள். திரும்பி வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் அந்த வண்டி அவள் கண்ணைவிட்டுத் தொலைய வேண்டும். பெரிய சக்கரத்தை மாட்டினால் உருட்டிக்கொண்டு போய்விடலாம்.

அரை மணி நேர வேலை. மண்டை காய்கிறது.

பேரிங்கைப் பார்த்தான். நன்றாக இருந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் கோணியிருக்குமோ என்று நூல் பிடித்துப் பார்த்தான். நேர்தான். பிரேக் டிஸ்க்கில் வளைவு இல்லை. பிரேக் பேடைக் கழற்றி வீசிவிட்டு, டப்பாவில் கிடந்த தேய்ந்த பேடைப் போட்டான். அப்போதும் சர். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவர்கள் விழுந்ததற்கு முந்தின சனிக்கிழமையும் இப்படித்தான் உரசியது.

ரோட்டுச் சக்கரத்தை மாட்டித் தந்தது அவன்தான். மச்சான் வேலை முடிந்து களைத்து வருவார், நாமே மாட்டி வைப்போமே என்று ஒரு பாசம். தட்டிப் பார்த்தபோது சத்தம் வந்தது. பேடு புதுசு, பத்து கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும் என்று சொன்னான். மாப்பிள்ளை சொன்னால் சரி என்று மச்சானும் தலையாட்டிவிட்டார்.

இன்றைக்கு மாட்டியிருப்பது புதுப் பேடு இல்லை.

அந்த நினைப்பு வந்துவிட்டது. அதை அப்படியே தள்ளிவைக்கப் பார்த்தான். முடியவில்லை.

கால் மரத்துப்போயிருந்தது. குட்டி ஸ்டூலிலிருந்து எழுந்து வண்டியைச் சுற்றி வந்தான். பதமாக ஏறி சீட்டில் உட்கார்ந்தான். மச்சான் பிடிக்கிற மாதிரி ஹேண்டிலைப் பிடித்தான். ஒருபக்கமாகச் சாய்ந்து கீழே பார்த்தான்.

சக்கரத்தின் இரண்டு பக்கமும் அச்சில் பக்கத்துக்கு ஒரு இரும்பு வளையம். புஷ் என்பார்கள். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் அகலம். மாறிவிடக் கூடாதென்று மச்சான் அக்காவின் நகப்பாலிஷை எடுத்து எழுதி வைத்திருந்தார். ஒன்றில் வ. இன்னொன்றில் இ. வலது, இடது.

அவனுடைய இடது கைப் பக்கம் வ தெரிந்தது.

அதெப்படி? பார்த்துப் பார்த்துத்தானே மாட்டினான்?

இறங்கிப் போய், வண்டிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தான். வ வலது கைப் பக்கம் இருந்தது. சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி சீட்டில் ஏறினான். இடது கைப் பக்கம். இறங்கினான். ஏறினான். எதிர்வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் எழுதியது வண்டி ஓட்டுகிறவனின் வலது.

அவன் மாட்டியது எதிரே உட்கார்ந்திருப்பவனின் வலது. வளையம் மாறியதால் சக்கரம் ஒருபக்கம் தள்ளி நின்று, டிஸ்க் பேடில் உரசியிருக்கிறது.

கழற்றி, மாற்றிப் போட்டு, இறுக்கினான். தட்டினான். ஏழு, எட்டு, ஒன்பது. சத்தமே இல்லை.

அவனுக்கு அழுகை வந்தது.

அன்றைக்கும் இதே வளையங்களை இப்படித்தான் மாற்றி மாட்டியிருந்தான். வளைவு வளைவாக இறங்கும்போது உரசி உரசிச் சூடேறி, பிரேக் தானாகவே சக்கரத்தைப் பிடித்துவிட்டிருக்கிறது. மச்சான் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார். பாவம், தொட்டதாக நம்பிக்கொண்டு கிடக்கிறார்.

"முடிஞ்சதாடா இன்பா?"

அக்கா நிலைப்படியில் நின்றிருந்தாள். சக்கரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள்.

"அதான் சுத்துதே. அந்தச் சனியனைத் தள்ளிக்கிட்டுப் போ."

தலையாட்டினால் போதும். வண்டி போய்விடும். மச்சானே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

"இன்னும் பத்து நிமிசம்க்கா."

அவள் உள்ளே போனாள். பெட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

அவன் வண்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். அச்சை உருவினான். வ எழுதிய வளையத்தை, அன்றைக்கு மாட்டியதுபோலவே, தன் வலது பக்கம் மாட்டினான். இ எழுதியதை இடது பக்கம். நட்டை நன்றாக இறுக்கினான். தட்டிவிட்டுப் பார்த்தான்.

இரண்டே சுற்று. சர்.

எழுந்து கைலியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, பெட்டியை வச்சிட்டு இங்க வாயேன். இதை நீ ஒரு தடவை சுத்திப் பாரு."