குரல் வாக்கெடுப்பு

"குண்டு வைக்கிறவனுக்குப் பணம் குடுக்கிறவன் நமக்கு நட்பு நாடா? அந்த எண்ணெய் நாட்டுக்காரனோட உறவை இன்னிக்கே வெட்டிவிடுறோம், மார்லீன்."

குண்டுவெடிப்பில் கணவனைப் பறிகொடுத்த மார்லீனை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, செனட்டர் விட்லாக் உறுப்பினர்களோடு போய் அமர்ந்தார். நான்கு மாதமாக டி.வி.யில் முழங்கியதையே வாஷிங்டன் செனட் குழுக் கூட்டத்திலும் முழங்கினார்.

"குரல் வாக்கெடுப்பே போதும், யார் எந்தப் பக்கம் என்று பெயர்ப் பதிவு தேவையில்லை" என்றார் தலைவர். "உறவை முறிக்கலாம் என்பவர்கள்?"

"ஆம்" என்று ஏழெட்டுக் குரல்கள்.

"கூடாது என்பவர்கள்?"

"இல்லை!" கூரை அதிர்ந்தது. தீர்மானம் தோற்றது.

விட்லாக் ஓடிவந்து மார்லீனின் கையைப் பிடித்தார். "கவுத்துட்டானுங்க, துரோகிங்க! நான் தொண்டை கிழியக் கத்தினேன்."

"கத்தினீங்க. 'இல்லை'ன்னு."

மழுப்பலாகச் சிரித்தார். "அத்தனை பேர் கத்தினதுல என் குரல்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"எனக்கு இப்ப எல்லா மனுஷங்களும் வெறும் குரல்தான், செனட்டர். அந்தக் குண்டு என் புருஷனை மட்டுமா கொண்டுபோச்சு?"

கையை உதறிவிட்டு, கைப்பையில் மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோலை எடுத்து விரித்தாள். நுனி அவர் காலில் இடித்தது.

"வழி விடுங்க. வாசல்ல பத்திரிகைக்காரங்க சத்தம் கேக்குது."