காலிக் கட்டம்

“அறிவிப்புல அனுப்பினவங்க பேரு கட்டாயம் இருக்கணும். ஊரு உலகத்துக்குத் தெரிஞ்சாதான் அடுத்த தடவை பயம் வரும்,” என்றார் பேராசிரியர் உலகநாதன்.

செல்வகுமாரி லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபிஷேகப்பாக்கத்து நெல்வயல்களுக்கு நடுவே அவர்கள் கல்லூரியின் ரேடியோ ஆன்டெனா இருக்கிறது. வானத்தில் எங்காவது திடீரென ஒரு வெடிப்பு நடந்தால் அது கண்டுபிடித்துவிடும். உடனே உலகத்தில் உள்ள தொலைநோக்கி நிலையங்களுக்கெல்லாம் அறிவிப்பு போகும். அதற்கென்று எல்லா நாட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரே மாதிரியான படிவம் வைத்திருக்கிறார்கள். அந்தப் படிவத்தைச் சீர்செய்யும் குழுவில் உலகநாதனும், அவரிடம் வேலை பார்க்கும் செல்வகுமாரியும் அமுதமும் உண்டு.

போன வாரம் இங்கிருந்து போன அறிவிப்பில் ஒரு கட்டம் காலி. வெடிப்பு நடந்த இடம் எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்று எழுத வேண்டிய கட்டம். காலியைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டு, மூன்று நாட்டுத் தொலைநோக்கிகள் ஊசிமுனை இடத்தையே உற்றுப் பார்த்தன. வெடிப்பு பக்கத்திலேயே நடந்து அணைந்துபோனது.

“அன்னிக்கு சிஸ்டத்துல யாரு?” என்றார் உலகநாதன்.

“சாயந்திரம் பஸ்ஸுக்குக் கெளம்புற வரைக்கும் நான்தான் சார்.”

“அப்புறம் இன்னா? பேரே வேணாம்னு நீ ஏன் குழுவுக்கு எழுதி அனுப்பினேன்னு இப்பப் புரியுது.”

அமுதம் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் அதே எண்ணம்தான்.

மூன்று மணிக்கு வீடியோவில் கூட்டம். உலகநாதன் முதலில் பேசினார். இனி ஒவ்வொரு அறிவிப்பிலும் அனுப்பியவர் பெயர் வேண்டும். போன வாரத்து அறிவிப்பிலும் சேர்த்து வெளியிட வேண்டும் என்றார்.

அடுத்து செல்வகுமாரி.

“யாரு விட்டாங்கன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? நாளைக்கு இன்னொருத்தர் விடுவாங்க. அந்தக் கட்டம் காலியா இருந்தா அறிவிப்பே போகாத மாதிரி படிவத்தை மாத்திட்டா, அப்புறம் யாராலயும் விட முடியாது.” இதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஓட்டெடுப்பு நடந்தது. செல்வகுமாரி சொன்னது அப்படியே படிவத்தில் ஏறியது. பெயர் வேண்டாம் என்று முடிவானது.

“தப்பிச்சடி,” என்று அமுதம் அவள் காதில் கிசுகிசுத்தாள்.

உலகநாதனுக்கு மனசு ஆறவில்லை. “வெளிய போடலன்னா போவட்டும். நம்ம ரெக்கார்டுல இருக்கும் இல்ல? எடு, பாக்கலாம்.”

“வேணாம் சார். அதான் முடிஞ்சுபோச்சே.”

“ஏன், பயமா?” என்றபடி தன் பாஸ்வேர்டைப் போட்டு அவரே பழைய அறிவிப்புகளைத் திறந்தார்.

அன்று மூன்று போயிருந்தன. முதல் இரண்டும் செல்வகுமாரி அனுப்பியவை. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. மூன்றாவது, அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக, மாலை ஐந்தே முக்காலுக்குப் போயிருந்தது.

அமுதம் எட்டிப் பார்த்தாள். “சார்… இது உங்க லாகின்.”

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. செல்வகுமாரி போன பிறகு பார்த்த கணக்கில் வெடிப்பின் இடம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அவசர அவசரமாகத் திருத்தி அவர்தான் அனுப்பினார். விடுபட்ட கட்டத்தை முந்தைய அறிவிப்பிலிருந்து சிஸ்டமே எடுத்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார்.

நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

“நல்லவேளைம்மா… பேரு வேணாம்னு முடிவாச்சு.”

அமுதத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சங்கடமாகச் சிரித்தார். சட்டென்று ஏதோ உறைக்க, செல்வகுமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

“உனக்கு… இது எப்பத் தெரியும்?”

“மறுநாள் காலையிலயே சார்,” என்றாள் செல்வகுமாரி.