செத்த காலேஜ்

கோடை விடுமுறையில் அருங்காட்சியகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த நிரோஷாவை, ஆட்களை அழைத்து வரச் சொல்லி அவளுடைய சொந்த மீனவக் குப்பத்துக்கே அனுப்பினார்கள். "அருங்காட்சியகத்துக்கு எல்லாரும் வாங்க" என்று தெருமுனையில் நின்று மைக்கில் சொன்னாள்.

"பொருட்காட்சியா? ராட்டினம் இருக்குமா? டெல்லி அப்பளம்?"

இல்லை என்றதும் கூட்டம் கலையத் தொடங்கியது. மீன் கூடையோடு வந்த அவள் அம்மா மைக்கைப் பிடுங்கினாள். "இன்னாமே போறீங்க? செத்த காலேஜுக்குக் கூப்புடுது எம் பொண்ணு!"

மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும், பாடம் செய்த மிருகங்கள் இருக்கிற இதைச் செத்த காலேஜ் என்றும் காலங்காலமாக அழைக்கிற ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் நிறையப் பெண்கள் வந்து திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே உட்கார்ந்தார்கள். காப்பாட்சியர் நிரோஷாவின் காதருகே குனிந்தார்.

"அந்தப் பேர் மட்டும் வேணாம்மா. இது அரசாங்க நிகழ்ச்சி."

தலையாட்டிவிட்டு மைக்கை வாங்கினாள். தலைக்கு மேல் விலா எலும்புகள், கட்டி முடிக்காத படகைக் கவிழ்த்துப் போட்டதுபோல் விரிந்திருந்தன.

"நம்ம செத்த காலேஜுக்கு வந்த எல்லாருக்கும் வணக்கம்."

கூடம் அதிரக் கைதட்டினார்கள். முன்வரிசையில் கல்யாணப் பட்டு உடுத்திய ஒருத்தி மட்டும் எழுந்து, திரும்பி நின்று, கைதட்டுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறைக்காம உக்காருங்கம்மா. யாரு நீங்க?" என்றார் காப்பாட்சியர்.

"நானா சார்? இந்தக் காலேஜ்ல படிக்கிற புள்ளையோட அம்மா."