நிபந்தனைக்கு உட்பட்டு

சமய அமைப்புகள் நடத்தும் இளைஞர் மையங்களுக்கு மட்டும்தான் அரசு மானியம். அது கிடைக்காவிட்டால் குத்துச்சண்டைக் கூடத்தை மாதக் கடைசியில் பூட்டிவிட வேண்டியதுதான். செயலாளர் ஆய்வு அதிகாரியின் பின்னாலேயே நடந்தார்.

"எந்த மதம்னு நான் கேக்க மாட்டேன். அரசுக்கு மதம் கிடையாது. ஆனா அரசுப் பணத்துல சாமி பேரு காதுல விழக் கூடாது. நிபந்தனை தெரியும்ல?"

"தெரியும் சார்."

"எல்லாரும் இப்படித்தான் தலையாட்டறாங்க. போன வாரம் ஒரு மையத்துல படியேறும்போதே பாட்டுச் சத்தம். என்னைப் பாத்ததும் மூச்சுப் பயிற்சிங்கறாங்க!"

அதிகாரி அலமாரியைத் திறந்தார். கையுறைகள் இருந்தன. சுவர்களில் ஒரு படம்கூட இல்லை. கயிறு தாண்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

"இங்க பிரார்த்தனை உண்டாம்மா?"

"இல்லையே சார்."

"கடவுளைப் பத்தி யாராவது பேசுவாங்களா?"

"குத்தும்போது காலை எங்க வைக்கணும்னுதான் மாஸ்டர் பேசுவார்."

அதிகாரி அசந்துபோனார்.

"நாப்பது மையம் பாத்துட்டேன். நிபந்தனையை மதிக்கிற ஒரே சமய அமைப்பு உங்களுதுதான். மானியம் உறுதி. சிறந்த சமய அமைப்பு விருதுக்கும் எழுதறேன்."

அவருடைய ஜீப் தெருமுனை திரும்பியதும் மாஸ்டர் பரண்மேலிருந்து ஒரு பெயர்ப்பலகையை இறக்கித் தூசி தட்டினார்.

"அண்ணே, நம்ம 'நாத்திகர் சங்கம்' போர்டை மறுபடி எப்ப மாட்டறது?"

செயலாளர் வெற்றுச் சுவரை அளந்து பார்த்தார்.

"முதல்ல விருதை மாட்டுவோம். அப்புறம் இடம் இருந்தா பாக்கலாம்."