வாசலுக்குப் போன வெள்ளை பல்ப்

லண்டன் மனோர் பார்க்கில் இந்த மாரியில் நான்கு மணிக்கே இருட்டுகிறது. பக்கத்து வீட்டுச் சயந்தினி எங்கள் முன்னறையில் கதிரை மேல் ஏறி நின்று, என் கணவர் பூட்டிய வெள்ளை பல்பைக் கழற்றுகிறாள். "அக்கா, அண்ணை இந்த வெளிச்சத்திலை ஒப்பரேசன் செய்தவரோ?" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வருகிறது. ஊரில் யுத்த வருசங்களில் ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, துளி மண்ணெண்ணெயில் வீட்டை ஓட்டியவர் அவர். லண்டன் கடையில் இருப்பதிலேயே பிரகாசமான பல்பைத்தான் கேட்பார். "இருட்டிலை இருந்தது காணும், இனி வேண்டாம்" என்பார். அவர் கண்மூடி மூன்று மாதமாகப் பின்னேரங்களில் என்னால் இந்த அறையில் இருக்க முடியவில்லை. அந்த வெளிச்சத்தில் அவர் இல்லாத வெறும் சோபாதான் முதலில் கண்ணில் படும். இப்போது சயந்தினி வாங்கிவந்த மஞ்சள் பல்ப் எரிகிறது. சுவர்கள் இளகுகின்றன. சோபாவின் கைப்பிடியில் அவர் கை தேய்த்த இடம் தேன் நிறத்தில் மினுங்குகிறது. நான் போய் அதில் உட்கார்கிறேன். "தேத்தண்ணி ஊத்தட்டோ பிள்ளை?" என்கிறேன். "நீங்கள் இருங்கோ. இதை எறியட்டோ?" வெள்ளை பல்ப் அவள் கையில் இருக்கிறது. "ஐயோ, வேண்டாம். வாசலிலை பூட்டிவிடு. வாற ஆக்களுக்கு வடிவாத் தெரியட்டும்." பூட்டிவிட்டு, "போட்டு வாறன் அக்கா" என்று வாசற்படி இறங்குகிறாள். யன்னலால் பார்க்கிறேன். மழை ஈரப் படியில் அவள் கால் வைக்கும் இடமெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அவள் தன் வீட்டுக் கதவைத் திறக்கும்வரை அவருடைய வெளிச்சம் கூடவே போகிறது.