மூன்றாவது கோடு

மருந்துத் தட்டு கை நழுவி விழுந்த சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் வடிவு அதைக் குனிந்து எடுக்கவில்லை. மீனவர் சூசையின் காலையே பார்த்தபடி நின்றாள்.

நண்டு கீறிய சின்னக் காயம்தான். கடல்தண்ணீரில் இருக்கும் கிருமி அதன் வழியே உள்ளே போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று தெரிவதற்காகக் காலையில் வடிவு கெண்டைக்காலில் நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டாள். மத்தியானம் சிவப்பு அதைத் தாண்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டாவது கோடு போட்டாள். சாயங்காலம் அதையும் தாண்டி நிற்கிறது. தொடையில் மூன்றாவது கோட்டை இழுத்தாள். இதையும் தாண்டினால் காலை எடுக்க வேண்டியதுதான். அப்போதும் ஆள் பிழைப்பாரா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

காயத்தின் கட்டு வேறு சொதசொதவென்று நனைந்திருந்தது.

"ஊசி மேல ஊசி போடுறோம், ஏன்தான் அடங்க மாட்டேங்குதோ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

சூசை காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி சிநேகம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"பயப்படாதிய சிஸ்டர், டாக்டர்ட்ட மட்டும் சொல்லிராதிய. எந்தப் புண்ணையும் ஆத்திரும் கடல்தண்ணி; கட்டிலுக்கு அடியில ஒரு கேன் வச்சிருக்கேன். நீங்க அங்கிட்டுப் போனதும் கட்டை அவுத்து, புண்ணு நனைய நனைய ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."