ஒரே ஒரு திருத்தம்

"வாப்பா, நம்ம கடை வெப்சைட்ட நான்தான் செய்வேன்."

வண்ணார்பேட்டையில் பத்தமடைப் பாய்க்கடை வைத்திருக்கும் சேக் முகம்மது மகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஃபஹ்மிதா வெப் டிசைன் படித்து முடித்து எட்டு மாதம் ஆகிறது. அந்தப் படிப்புக்கு இதுவரை கிடைத்த வேலை, கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "உள்ள போய்ப் பாருங்க" என்று சொல்வது.

"சும்மா கெட புள்ள. இது வெளையாட்டு இல்ல. இதுக்குன்னு ஆளு இருக்கு."

அதற்கென்று இருந்த ஆள் எதிரே உட்கார்ந்து இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தான். பெயர் சல்மான் ஃபாரிஸ். அவனுடைய விசிட்டிங் கார்டில் நிறங்கள் அதிகம், எழுத்துகள் குறைவு.

"அப்பம் ஆன்லைன்ல போட்டி வையுங்க," என்றாள் ஃபஹ்மிதா. "நாப்பது பேரு டிசைன் அனுப்புவாங்க. நானும் பேரு போடாம அனுப்புதேன். உங்களுக்கு எது புடிக்குதோ அதுக்கு மட்டும் பரிசு. என் டிசைன் தோத்துட்டுன்னா, நீங்க சொன்ன ஸ்கூல் வேலைக்கே போயிருதேன். டிசைன்னு வாயத் தொறக்க மாட்டேன்."

சல்மான் டீயைக் கீழே வைத்தான்.

"போட்டியா? அண்ணாச்சி, அது மாங்காக்குக் கல்லெறியுத மாதிரி. எவனோ எங்கனயோ இருந்து எறிவான். அவனுக்குப் பாயப் பத்தி என்ன தெரியும்? எங்க தொழிலுக்கே அது அவமானம்."

"சரியாச் சொன்னீரு," என்றார் சேக் முகம்மது. "கல்யாணத்துக்கு நாலு பண்டாரியக் கூப்புட்டு, நாலு சட்டி பிரியாணி ஆக்கவச்சு, ருசியா இருக்க சட்டிக்கு மட்டும் கூலி குடுத்தா அல்லா பொறுப்பானா? ஒரு ஆளு, ஒரு வேல, அதுக்குண்டான கூலி. அம்புட்டுதான்."

நியாயமான பேச்சு. சல்மானுக்கு முன்பணம் எடுத்துக் கொடுத்ததும் ஃபஹ்மிதாதான். கல்லாவில் இருப்பவள் வேறென்ன செய்வாள்?

"என்னானாலும் அத நான்தான் செய்வேன்," என்றாள்.

ஆண்கள் இருவரும் சிரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து சல்மான் லேப்டாப்போடு வந்தான். இடையில் ஒரு நாள்கூட அவன் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. நல்ல கலைஞர்கள் தனிமையை விரும்புவார்கள் என்று சேக் முகம்மது நினைத்துக்கொண்டார்.

திரையில், மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய் ஒன்று விரிந்தது. கீழே இரண்டு கட்டங்கள்: மாப்பிள்ளை பெயர், பெண் பெயர். தட்டத் தட்ட, எழுத்துகள் பாயில் நெய்தாற்போலவே ஏறின. ஓரத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பெயர்கள் இரண்டும் இடம் மாறிக்கொண்டன.

"என்ன வே இது!" சேக் முகம்மது எழுந்தே விட்டார். "பாயில யாரு பேரு முன்னால வரணும்னு ரெண்டு வீட்டாரும் இங்கன நின்னுல்லா சண்ட போடுதாங்க! கடைக்குள்ள கெடக்கவனுக்குத்தான அது தெரியும்? உமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நம்ம ஆள வச்சு செய்யுததுக்கும் போட்டி வைக்கதுக்கும் உள்ள வித்தியாசம் அதான் அண்ணாச்சி," என்றான் சல்மான், மிகவும் அடக்கமாக.

"பாத்தியா புள்ள? இதுக்குப் பேருதான் வேல!"

"நல்லாத்தான் இருக்கு வாப்பா," என்றாள் ஃபஹ்மிதா.

"ஒரே ஒரு திருத்தம். கல்யாணத் தேதியும் பாயில வரணும். இப்பமே போட்டுரும் வே, பாப்போம்."

"இப்பமேவா?" சல்மானுக்கு வேர்த்தது. "இங்கன டவர் சரியில்ல அண்ணாச்சி. ஒரு நிமிசம், இந்தா வந்துட்டேன்."

அவன் வெளியே போய், பஸ் ஹாரன்களுக்கு நடுவே குனிந்து நின்று, போனில் வேகவேகமாக எதையோ தட்டினான்.

கல்லாவில் ஃபஹ்மிதாவின் போன் அதிர்ந்தது.

'நான் வைத்த பாய்க்கடை டிசைன் போட்டியில் ஜெயித்தவர்தானே நீங்கள்? கஸ்டமர் தேதியும் கேட்கிறார். ரொம்ப அவசரம். உடனே முடியுமா?'

அவள் பதில் அனுப்பினாள்: 'முடியும். உள்ள வாங்க, கல்லாவுலதான் இருக்கேன்.'